அச்சம் கவனத்தை எப்படிப் பிடித்துவைக்கிறது என்று அளக்க விரும்பும் நெல்லை மாணவர்களுக்கு

ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மனத்தைத் திருப்பும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு தாமதம் ஏற்படுகிறது. அச்சம் அந்தத் தாமதத்தைக் கூட்டுகிறதா என்ற கேள்வியை, ஒரு மடிக்கணினியும் அமைதியான ஓர் அறையும் இருந்தால் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இருந்தபடியே ஆராய முடியும். முதுகலை ஆய்வேட்டுக்காக நான் இதை எடுத்துச் செய்தபோது கோட்பாட்டைச் சொல்லும் கட்டுரைகள் வேண்டிய அளவு கிடைத்தன. எந்தத் தாளை யாரிடம் கொடுப்பது, எந்த மாதத்தில் தொடங்குவது, எதற்குப் பணம் செலவாகும் என்று சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. உளவியலிலோ கல்வியியலிலோ முதன்முதலாக ஆய்வு செய்யப் போகும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்

‘உணர்ச்சியும் கவனமும்’ என்று தலைப்பு வைத்தால் எந்த வழிகாட்டியும் திருப்பிக் கொடுத்துவிடுவார். உங்கள் கேள்வி இரண்டில் ஒன்றாக இருக்கட்டும். அச்சமூட்டும் படத்தைப் பார்த்த உடனே பணி மாறினால் தாமதம் கூடுகிறதா என்பது முதல் வகை. இங்கே அச்சத்தை நாம் உண்டாக்குகிறோம். இயல்பிலேயே பதற்றம் மிகுந்தவர்களுக்குத் தாமதம் அதிகமா என்பது இரண்டாம் வகை. இங்கே அச்சத்தை அளக்க மட்டும் செய்கிறோம். இந்த இரண்டுக்கும் ஆள் எண்ணிக்கை, ஆவணம், கணக்கு எல்லாமே வேறு. ஓர் ஆண்டு ஆய்வேட்டில் இரண்டையும் சேர்க்க ஆசைப்படாதீர்கள்.

இரண்டுக்கும் அடிப்படையாக வைக்கத் தக்கது, உளவியலாளர் ஐசெங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2007இல் முன்வைத்த கவனக் கட்டுப்பாட்டுக் கோட்பாடு. பதற்றம், தேவையற்றதைத் தடுத்து நிறுத்தும் ஆற்றலையும் ஒரு பணியிலிருந்து மற்றதற்கு மாறும் ஆற்றலையும் பாதிக்கிறது என்றும், அந்தப் பாதிப்பு விடையின் சரி தவறில் தெரிவதைவிட விடையளிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கூடுதலாகத் தெரியும் என்றும் அது சொல்கிறது. ஆகவே மதிப்பெண்ணை மட்டும் எண்ணும் ஆய்வில் எதுவும் தெரியாமல் போகலாம். மில்லி விநாடிக் கணக்கில் நேரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வெளியான ஆய்வுகளின் முடிவுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயவில்லை என்பதையும் முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். ‘வேறுபாடு காணப்படவில்லை’ என்பதும் ஒரு முடிவுதான் என்று தொடக்கத்திலேயே பேசிவைத்தால் கடைசி மாதத்தில் மனக்கசப்பு இருக்காது.

2. பணிகளைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழ் எழுத்தைத் தவிர்த்துவிடுங்கள்

ரோஜர்ஸும் மான்செலும் 1995இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து திரையில் தோன்றும். எழுத்து உயிரா மெய்யா என்று ஒரு முறையும், எண் ஒற்றையா இரட்டையா என்று இன்னொரு முறையும் சொல்ல வேண்டும். இதைத் தமிழுக்குக் கொண்டுவரத் தோன்றுவது இயல்பு. ஆனால் திரையில் ‘க’ தோன்றினால் நம் மாணவர் அது மெய்யல்ல, உயிர்மெய் என்று தயங்குவார். ‘க்’ என்று காட்டினால் புள்ளியைப் பார்த்தே விடை சொல்லிவிடுவார். அந்தத் தயக்கம் பணி மாற்றத்தால் வந்ததா, இலக்கணத்தால் வந்ததா என்று பிறகு பிரிக்க வழியில்லை.

எண்களை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. 5 நீங்கலாக 1 முதல் 9 வரை ஓர் எண் தோன்றட்டும். அது ஒற்றையா இரட்டையா என்பது ஒரு பணி. 5ஐ விடப் பெரிதா சிறிதா என்பது மற்றது. எந்தப் பணி என்று சொல்ல எண்ணைச் சுற்றி ஒரு வடிவம் காட்டுங்கள். சிவப்பு, பச்சை என்று நிறத்தால் குறிப்புக் காட்டினால் நிறக்குருடு உள்ளவர்கள் தடுமாறுவார்கள். ஒவ்வொரு பணிக்கும் இரண்டிரண்டு வடிவங்கள் வேண்டும்: ஒற்றை இரட்டைக்குச் சதுரமும் முக்கோணமும், பெரிது சிறிதுக்கு வட்டமும் அறுகோணமும் என்று வைக்கலாம். பணிக்கு ஒரே வடிவம் இருந்தால், பணி மாறும்போது மட்டுமே வடிவமும் மாறும். புது வடிவத்தைக் கண்டு தாமதித்தாரா, புதுப் பணிக்கு மாறத் தாமதித்தாரா என்று தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் இருக்காது.

அச்ச முகம், மகிழ்ந்த முகம் ஆகியவற்றைக் காட்டி உணர்ச்சியை ஒரு முறையும் ஆணா பெண்ணா என்பதை இன்னொரு முறையும் கேட்கும் ஆய்வுகளும் உண்டு. அவை வேறு கேள்விக்கு விடை சொல்பவை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

3. படங்களைத் தேர்ந்தெடுப்பது

உணர்ச்சியைத் தூண்டும் படங்களைக் கொண்ட, புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஐ.ஏ.பி.எஸ். தொகுப்பு பெயர் பெற்றது. ஆய்வுக்கு இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் அதை மாணவர் கேட்டுப் பெற முடியாது, வழிகாட்டிப் பேராசிரியரின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் படங்களை இணையத்தில் வைக்கவும் ஆய்வேட்டில் அச்சிடவும் கூடாது. காத்திருக்க நேரமில்லை என்றால் 2017இல் வெளியான ஓயாசிஸ் தொகுப்பைப் பயன்படுத்துங்கள். அதில் 900 படங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் அது எவ்வளவு இனிமையானது, எவ்வளவு கிளர்ச்சியூட்டுவது என்ற இரு மதிப்பீடுகளும் தரப்பட்டுள்ளன. யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அச்சப் படத்தையும் சாதாரணப் படத்தையும் மட்டும் ஒப்பிட்டால், தாமதம் கூடியது அச்சத்தாலா, வெறும் கிளர்ச்சியாலா என்று சொல்ல முடியாது. அதே அளவு கிளர்ச்சியூட்டும் மகிழ்ச்சிப் படங்களையும் மூன்றாவது தொகுதியாகச் சேருங்கள். இனிய மனநிலை பழைய வழியை விட்டுப் புதியதற்கு மாறுவதை எளிதாக்குகிறது, ஆனால் கவனச் சிதறலையும் கூட்டுகிறது என்று டிரைஸ்பாக், கோஷ்கே ஆகியோர் 2004இல் காட்டியிருப்பதால், அந்த மூன்றாம் தொகுதிக்குத் தனி மதிப்பும் உண்டு.

வெளிநாட்டு மதிப்பீட்டை மட்டும் நம்பிப் படத்தை எடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு படத்தையும் நம் ஊர்க் கண்ணால் ஒரு முறை பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டு வந்து நெல்லை சந்திப்புப் பகுதியே நீரில் நின்றதைக் கண்டவர்கள் உங்கள் அறைக்கு வருவார்கள். வெள்ளப் படம் அவர்களுக்கு ஆய்வுப் பொருளாக இராது, வீட்டுக்குள் நீர் ஏறிய இரவாக இருக்கும். அரிவாளும் வெட்டுக்காயமும் உள்ள படங்களையும் இதே காரணத்துக்காக முழுவதும் விலக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மிதமான அச்சமே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும். மின்னதிர்ச்சி கொடுப்போம் என்று மிரட்டும் முறைகள் மாணவர் ஆய்வுக்கு வேண்டவே வேண்டாம்.

4. பதற்றத்தை அளக்கும் வினாத்தாள்

ஸ்பீல்பெர்கரின் எஸ்.டி.ஏ.ஐ. என்ற அளவுகோலில் இந்த நேரத்துப் பதற்றத்துக்கு 20 வாக்கியங்களும் இயல்பான பதற்றத்துக்கு 20 வாக்கியங்களும் உண்டு. இந்த இரு பகுதிகளில் ஒவ்வொன்றின் மொத்த மதிப்பெண்ணும் 20க்கும் 80க்கும் இடையே வரும். இது காப்புரிமை உள்ளது. ஒவ்வொரு பிரதிக்கும் டாலரில் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் நகலை எடுத்துப் பயன்படுத்தினால் ஆய்விதழ்கள் பின்னர் அனுமதிச் சான்றைக் கேட்கக்கூடும்.

பணம் இல்லாதவர்களுக்கு ஜி.ஏ.டி-7 போதும். 7 கேள்விகள், 0 முதல் 21 வரை மதிப்பெண்; 5, 10, 15 ஆகியவை லேசு, நடுத்தரம், கடுமை என்பவற்றின் எல்லைகள். இதை அச்சிடவும் மொழிபெயர்க்கவும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. படத்தைப் பார்த்தபின் எப்படி இருக்கிறது என்று உடனுக்குடன் கேட்பதற்கு, மனித உருவப் படங்களையே அளவுகோலாகக் கொண்ட எஸ்.ஏ.எம். நல்லது, சொற்களே இல்லாததால் மொழிபெயர்ப்புச் சிக்கல் எழாது.

5. நெறிமுறைக் குழுவுக்கான ஆவணங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளே இதற்கு அடிப்படை. சமூக, நடத்தை ஆய்வுகளுக்கு அதில் தனிப் பகுதி இருக்கிறது. உங்கள் கல்லூரியில் நெறிமுறைக் குழு இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். இல்லையென்றால் வேறு நிறுவனத்தின் குழுவை நாட வேண்டியிருக்கும். அதற்கு இரு நிறுவனங்களுக்கிடையே கடிதப் போக்குவரத்து தேவைப்படுவதால் காலம் பிடிக்கும். குழு எப்போது கூடும், மாணவருக்குக் கட்டணம் உண்டா, எத்தனை பிரதி வேண்டும் என்ற மூன்றையும் அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபவை.

பொதுவாகக் கொடுக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், வழிகாட்டியின் கடிதம், ஆய்வு நடக்கும் கல்லூரி முதல்வரின் அனுமதிக் கடிதம், தமிழிலும் ஆங்கிலத்திலும் பங்கேற்பாளர் தகவல் தாள், ஒப்புதல் படிவம், வினாத்தாள்கள், காட்டப்போகும் படங்கள் எல்லாவற்றின் அச்சுப்படி, அளவுகோல்களுக்கான அனுமதி, தரவுகளை எங்கே யார் பொறுப்பில் வைப்பீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பு. ‘அச்சமூட்டும் படங்கள் காட்டப்படும்’ என்று எழுதிவிட்டுப் படங்களை இணைக்காமல் விட்டால் விண்ணப்பம் திரும்பி வருவது உறுதி. எங்களிடம் குழு மீண்டும் மீண்டும் கேட்டது தகவல் தாளின் தமிழைப் பற்றித்தான். பல்கலைக்கழகப் பாடநூல் நடையில் எழுதிய தாளைப் பிளஸ் டூ முடித்த ஒருவர் முதல் வாசிப்பில் புரிந்துகொள்ள முடியாது. துறைக்கு வெளியே உள்ள ஐந்து பேரிடம் அதைக் கொடுத்து, ‘இதில் என்ன செய்யச் சொல்கிறார்கள்?’ என்று அவர்கள் வாயால் சொல்லக் கேளுங்கள். தடுக்கும் இடத்தையெல்லாம் மாற்றி எழுதுங்கள்.

வயதைக் கவனியுங்கள். முதலாமாண்டு மாணவர்களில் 18 நிறையாதவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களைச் சேர்த்தால் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் மாணவரின் இசைவும் தனித்தனியாக வேண்டும். அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் இருக்கும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். இரண்டாமாண்டிலிருந்து சேர்ப்பதே எளிது. சாதி, மதம் பற்றிய கட்டங்களைப் படிவத்தில் வைக்காதீர்கள். இந்த ஆய்வுக்கு அவை தேவையில்லை, கேட்ட மாத்திரத்தில் அறையின் சூழலே மாறிவிடும்.

6. எத்தனை பேர், எந்த மாதம்

ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் கணக்கிடலாம். ஒரே ஆளிடம் இரு நிலைகளை ஒப்பிடும்போது, நடுத்தர விளைவு அளவான (வேறுபாடு எவ்வளவு பெரியது என்று காட்டும் எண்) 0.5க்கு 34 பேர் போதும் என்று வரும். அச்சம் மாற்றத் தாமதத்தில் ஏற்படுத்தும் வேறுபாடு அதைவிடச் சிறியதாகவே இருக்கும் என்று கொள்ளுங்கள், 0.3 என்று எடுத்தால் 90 பேர் வேண்டும். மூன்று படத் தொகுதிகளை ஆறு வரிசைகளில் மாற்றி மாற்றிக் காட்டலாம் என்பதால், ஆறால் வகுபடும் எண்ணாக 90 பொருந்தியும் வருகிறது. இரண்டாம் வகைக் கேள்விக்கு, 0.3 அளவான ஒட்டுறவை (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை) காணவும் ஏறத்தாழ 85 பேர் தேவை.

ஜூனில் திட்டத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆகஸ்ட்டுக்குள் அனுமதி வந்தால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தரவு சேர்க்கலாம். நவம்பரில் பருவத் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும். செப்டம்பர், அக்டோபரைத் தவறவிட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரலில் வெயிலும் தேர்வும் இரண்டுமே எதிரி. உள்மதிப்பீட்டுத் தேர்வு வாரத்தில் ஒருபோதும் தரவு எடுக்காதீர்கள்: அந்த வாரம் வருகிறவர் தேர்வு அச்சத்தோடு வருவார், நீங்கள் காட்டும் படத்தால் எழுந்த அச்சத்தை அதிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆனித் தேரோட்டத்துக்கான உள்ளூர் விடுமுறை, தசரா நாட்கள், வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரம், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு ஆகிய எல்லாவற்றையும் நாட்காட்டியில் முன்பே குறித்து வையுங்கள்.

7. கணினியும் செலவும்

சைக்கோபை, ஓப்பன்செசமி ஆகிய மென்பொருள்கள் இலவசம். நிரல் எழுதத் தெரியாதவர்களும் சைக்கோபையில் கட்டங்களை இழுத்து வைத்துச் சோதனையை உருவாக்கலாம். தமிழ் எழுத்துகளில் கொம்பும் காலும் இடம்மாறித் தெரியக்கூடும் என்பதால், அறிவுரைப் பக்கங்களை வேறிடத்தில் தட்டச்சு செய்து படக் கோப்பாக மாற்றி இணைத்துவிடுங்கள். ஒயருள்ள விசைப்பலகையை வாங்குங்கள், ப்ளூடூத் வேண்டாம். சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால் ஒரு முறை புதுப்பிக்க 16.7 மில்லி விநாடி ஆகும். காட்சி நேரங்களை அதன் மடங்குகளாகவே வையுங்கள். மின்சாரம் போனால் மடிக்கணினி மின்சிக்கன நிலைக்குத் தானாக மாறி வேகம் குறையும். அந்த அமைப்பை முன்பே அணைத்து வையுங்கள்.

ஓர் எண் தோன்றி அதற்கு விடை அழுத்துவது ஒரு சுற்று. தொகுதிக்கு 96 சுற்றுகள், அவற்றில் பாதியில் பணி மாற வேண்டும். மூன்று தொகுதிக்கு 288 சுற்றுகள், சுற்றுக்கு மூன்றரை விநாடி என்று கொண்டால் 17 நிமிடம். விளக்கம், பயிற்சி, ஓய்வு, படிவங்கள் சேர்த்து ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஒருவருக்கு 8 பக்கம் வீதம் 90 பேருக்கு 720 பக்கம். நகலுக்குப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு ரூபாய் என்றால் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும். பேருந்துக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் அந்தத் தொகை குறையும். ஒரு தேநீரும் பிஸ்கட்டும் கொடுப்பது தவறில்லை. பெரிய பரிசு அறிவித்து ஆள் சேர்ப்பதை நெறிமுறைக் குழு ஏற்காது.

8. அறைக்குள் வரும் அச்சம்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். நம் மாணவர்களுக்குக் கணினித் திரை, கடிகாரம், சரி தவறு என்றாலே தேர்வுதான் நினைவுக்கு வரும். பெருமாள்புரத்துப் பக்கமிருந்து வந்த ஒரு மாணவி, பயிற்சிச் சுற்றில் இரண்டு தவறு செய்ததும் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, “யக்கா, தப்பு விட்டா மேடத்துக்கிட்ட சொல்லிருவியளா?” என்று கேட்டார். படம் எதையும் இன்னும் காட்டியிருக்கவில்லை. அவருடைய இடது கை ஆள்காட்டி விரல் அதற்குப் பிறகும் வெகுநேரம் விசைக்கு மேலே தொங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு விடையையும் அழுத்துமுன் ஒரு முறை சரிபார்த்தார். அந்தத் தாமதம் சாதாரணத் தொகுதியிலேயே ஏறிவிட்டால், அச்சத் தொகுதியில் ஏறுவதற்கு இடமே இல்லாமல் போகும்.

ஆகவே அறைக்குள் அச்சத்தைக் குறைப்பதற்கு உரிய ஏற்பாடுகளைச் செய்யுங்கள். வகுப்பாசிரியர் பெயர் சொல்லி அழைத்து அனுப்ப வேண்டாம். அறிவிப்புப் பலகையில் எழுதி, விரும்பியவர் வரட்டும். பாடம் எடுப்பவரோ மதிப்பெண் போடுபவரோ அறையில் இருக்கக் கூடாது. பதிவெண் எழுதும் கட்டத்துக்குப் பதிலாக உங்கள் குறியீட்டு எண்ணை இடுங்கள். பயிற்சியில் மட்டும் ‘சரி’, ‘தவறு’ என்று காட்டுங்கள். உண்மைச் சுற்றுகளில் அதை நீக்கிவிடுங்கள். ‘இது திறமைத் தேர்வு இல்லை, எல்லோருமே தவறு செய்வார்கள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்’ என்பதைத் தாளில் அச்சிட்டால் மட்டும் போதாது, வாயாலும் சொல்லுங்கள். பயிற்சியில் பத்துக்கு எட்டு சரியாக வரும்வரை நிதானமாக விடுங்கள்.

சோதனை முடிந்ததும், எந்த வரிசையில் பார்த்திருந்தாலும், எல்லோருக்கும் இனிய படங்களை இரண்டு நிமிடம் காட்டிவிட்டு எஸ்.ஏ.எம். அளவுகோலை மறுபடி கொடுங்கள். மனம் கலங்கியவரை அப்படியே அனுப்பாதீர்கள். ஜி.ஏ.டி-7இல் 15ஐத் தாண்டியவருக்கு என்ன செய்வீர்கள் என்பதை முன்பே நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்: கல்லூரி ஆலோசகரிடம் அழைத்துச் செல்லலாம், மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண் 14416ஐ அச்சிட்ட சீட்டாக எல்லோருக்கும் கொடுக்கலாம். அதிக மதிப்பெண் பெற்றவருக்கு மட்டும் சீட்டுக் கொடுத்தால் வெளியே நிற்கும் நண்பர்களுக்கு அது தெரிந்துவிடும்.

9. கணக்கு

ஒவ்வொரு தொகுதியின் முதல் சுற்றையும், தவறான சுற்றையும், தவறுக்கு அடுத்த சுற்றையும், 200 மில்லி விநாடிக்குக் குறைந்த விடைகளையும் நீக்குங்கள். பணி மாறிய சுற்றுகளின் சராசரி நேரத்திலிருந்து மாறாத சுற்றுகளின் சராசரியைக் கழித்தால் வருவதே மாற்றத் தாமதம்.

விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துப் பார்ப்போம். சாதாரணத் தொகுதியில் மாறாதபோது 740, மாறியபோது 910, தாமதம் 170. அச்சத் தொகுதியில் மாறாதபோது 800, மாறியபோது 985, தாமதம் 185. ‘அச்சத்தில் 985, சாதாரணத்தில் 910, எனவே 75 மில்லி விநாடி கூடியது’ என்று எழுதினால் அது பிழை. அதில் 60, அச்சம் எல்லாச் சுற்றுகளையும் ஒரே அளவில் மந்தப்படுத்தியதால் வந்தது. மாறும் ஆற்றலில் ஏற்பட்ட வேறுபாடு 15 மட்டுமே. உங்கள் ஆய்வின் முடிவு அந்த 15 நிலைத்து நிற்கிறதா என்பதுதான். ஜமோவி, ஜாஸ்ப் ஆகிய இலவச மென்பொருள்களில் இதைச் சோதிக்கலாம். நேரம் குறைந்து தவறு கூடியிருந்தால் அவசரத்தில் அழுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். தவறு விகிதத்தையும் அதே அட்டவணையில் கொடுங்கள்.

இரண்டாம் வகைக் கேள்வி எடுத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கழித்து வரும் எண்களின் நம்பகத்தன்மை பொதுவாகக் குறைவு. ஒற்றை வரிசை எண் கொண்ட சுற்றுகளையும் இரட்டை வரிசை எண் கொண்ட சுற்றுகளையும் தனித்தனியே கணக்கிட்டு இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே பதற்ற மதிப்பெண்ணோடு ஒட்டுறவு காணுங்கள்.

10. முடிந்தபின் தாள்கள்

ஒப்புதல் படிவங்களை ஒரு பெட்டியிலும், குறியீட்டு எண் மட்டும் உள்ள வினாத்தாள்களை வேறொரு பெட்டியிலும் பூட்டி வையுங்கள். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் இரண்டிலும் இருக்கக் கூடாது. ஆய்வு முடிந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் இவற்றைப் பாதுகாக்க வேண்டும். நீங்கள் படிப்பை முடித்துப் போய்விடுவீர்கள் என்பதால், வழிகாட்டியின் அறையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்த நகலை ஆய்வேட்டுக் கோப்பில் சேருங்கள். நெறிமுறைக் குழுவுக்கு இறுதி அறிக்கை ஒரு பக்கத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கான ரசீது இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அதே துறையிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவரின் கோப்பு தாமதமாகக்கூடும், ஆகவே அதை மறக்காமல் வாங்கிவிடுங்கள்.